வைராக்கியம்: பாராட்டா, திட்டா?

பிறைக்காரன்:
தைப்பூசக் காவடிக்காக எங்கள் மாமா விரதம் இருக்கிறார், சிகரெட்டைத் தொடுவதே இல்லை. "மனுசன் வைராக்கியமா இருக்காரு" என்று வீட்டில் ஒரே பெருமை. சொத்துத் தகராறில் அண்ணன் வீட்டு வாசலையே மிதிக்காத அத்தையை அதே வாயால் "வைராக்கியம் பிடிச்சவ" என்கிறார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. இது நல்ல வார்த்தையா இல்லையா? வைரத்திலிருந்து வந்தது, நெஞ்சுறுதிதான் பொருள் என்கிறான் நண்பன்.

செந்தூல் வாத்தியார்:
வைரம் இல்லை தம்பி. வடமொழியில் ராகம் என்றால் பற்று, ஆசை என்றும் பொருள். அது விலகிய நிலை விராகம், அதிலிருந்து வைராக்கியம். ஆக முதல் பொருள் பற்றறுத்தல்தான். சுடுகாட்டு வைராக்கியம், பிரசவ வைராக்கியம் என்கிறோமே, பழைய பொருள் அங்கே அப்படியே இருக்கிறது: பிணத்தை எரித்துவிட்டு வரும்போது 'என்ன வாழ்க்கைடா, எல்லாம் போதும்' என்று தோன்றும், வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும் யார் எவ்வளவு கடன் தரவேண்டும் என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். ஆசையை அறுக்க உறுதி வேண்டும் அல்லவா, அதனால் உறுதி என்ற பொருளும் ஏறிக்கொண்டது.

தண்ணீர்மலை:
அப்படிப் பார்த்தால் மாமாவும் அத்தையும் ஒரே கட்சி. இரண்டு பேருமே ஒன்றை வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். கைப்பேசி வாங்கித் தந்தால்தான் சாப்பிடுவேன் என்று உட்காரும் பையனை யாரும் வைராக்கியக்காரன் என்பதில்லை, அது பிடிவாதம்.

கிள்ளான் வாசி:
'வைராக்கியமாகப் படித்து டாக்டரானாள்' என்கிறோமே, அங்கே எதை ஒதுக்கினாள்?

தண்ணீர்மலை:
சரிதான், அங்கே என் கணக்கு உதைக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்டதும், 'உனக்கெல்லாம் படிப்பு வராது' என்று யாரோ அவளைச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். சும்மா நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு அந்தச் சொல் ஒட்டாது, பின்னால் ஒரு காயமோ சவாலோ வேண்டும்.

செந்தூல் வாத்தியார்:
நல்ல கவனிப்பு. கட்டுரையில் வெறும் உறுதிதான் வேண்டும் என்றால் மனவுறுதி போதும், குறளின் 67ஆம் அதிகாரத் தலைப்பே வினைத்திட்பம், அதையும் எடுத்துக்கொள்ளலாம். கங்கணம் கட்டிக்கொண்டு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோயிலில் காப்புக் கட்டுவது நல்ல காரியம்தான், ஆனால் இன்றைய எழுத்தில் அது பெரும்பாலும் அடுத்தவனைக் கெடுக்கத்தான் வருகிறது!

அப்புறம் பிறைக்காரன் தம்பி, அத்தை விஷயத்தில் திட்டு இருப்பது 'பிடிச்சவ'வில். திமிர் பிடித்தவன், கிறுக்குப் பிடித்தவன் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். வைராக்கியக்காரி என்று சொல்லிப் பாருங்கள், அவரே சிரிப்பார்.