சுவருக்கு விலை குறையுது, மண்ணுக்கு ஏறுது

வாடகைவாசி:
வீட்டு விலை ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்கிறோமே, நான் பார்த்ததைச் சொல்கிறேன். பழைய தனி வீடு ஒன்றுக்கு விலை பேசியிருந்தோம். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தார். விரலை மடக்கிச் சுவரைத் தட்டினார், குளியலறையில் ஓதம் ஏறிய மூலையைப் போட்டோ எடுத்தார், சாத்த மறுத்த கதவையும் குறித்துக்கொண்டார். அறிக்கையில் கட்டடத்தின் வயதைக் காட்டி நன்றாகவே கழித்திருந்தார். ஆனால் மொத்தத் தொகையோ, விற்பவர் அன்று வாங்கியதைப் போலப் பல மடங்கு! ஏறியது அத்தனையும் மனைக்கு. அந்த மண்ணில் அவர் ஒரு செடிகூட நட்டதில்லை. பக்கத்தில் ரயில் நிலையம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, வேலை வாய்ப்பு வந்தது. ஊரார் வரிப்பணத்தில் ஓடும் ரயிலின் லாபம் ஒருவருடைய பத்திரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சிமெண்ட் விலை, கொத்தனார் கூலி என்று புலம்புகிறோம், அதுவும் உண்மைதான். ஆனால் சிமெண்ட் போதவில்லை என்றால் இன்னொரு ஆலை கட்டலாம். ஸ்டேஷன் பக்கத்து மனையை யார் தயாரிப்பது?

முன்னாள் லோன் ஆபீசர்:
மண்ணை மட்டும் சொல்லாதீர்கள், எங்கள் மேஜைக்கும் பங்கு உண்டு. வருகிறவர்கள் இந்த வீடு இவ்வளவு பெறுமா என்று கேட்பதில்லை. "எனக்கு எவ்வளவு லோன் கிடைக்கும்?" இதுதான் முதல் கேள்வி. 20 வருடக் கடனுக்கு வட்டி 8 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கினால், அதே மாதத் தவணைக்குச் சுமார் 27 சதவீதம் கூடுதலாகக் கடன் தரலாம். தவணைக் காலத்தையும் 30 வருடமாக நீட்டினால் அது 55 சதவீதத்தைத் தாண்டும். அந்தப் பணம் வாங்குபவர் கையில் நிற்காது. அதே வீட்டைப் பார்க்க வந்த அடுத்தவருக்கும் அதே லோன் கிடைத்திருக்குமே, விற்பவர் சும்மா இருப்பாரா?

சரி, வட்டி ஏறினால் விலை இறங்க வேண்டாமா? அமெரிக்காவில் 30 வருட நிலையான வட்டிக் கடன் 2021 தொடக்கத்தில் 3 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 2023 அக்டோபரில் 8 சதவீதத்தை நெருங்கியது. பழைய வட்டியில் வாங்கியவர்களில் பலர் விற்கவே முன்வரவில்லை, அடுத்த வீட்டுக்குப் புது வட்டி கட்ட வேண்டுமே! விற்பனைக்கு வீடு வந்தால்தானே விலை இறங்கும்.

மேல்மாடிக்காரர்:
எங்கள் தெருவில் ஒரு வீட்டை இடித்து எட்டுக் குடும்பம் இருக்கும்படி கட்ட அனுமதி கேட்டார்கள். உடனே ஆட்சேபணைக் கூட்டம். பார்க்கிங் பிரச்சினை, வெளிச்சம் மறைக்கும், தெருவின் அமைதி கெடும் என்று ஆளாளுக்கு ஒன்று. பேசிய எல்லாருமே சொந்த வீட்டுக்காரர்கள். குடிவரப்போகிற எட்டுக் குடும்பம் யாரென்றே தெரியாது, அவர்களுக்காக யார் வாய் திறப்பார்? (நான் மனுவில் கையெழுத்துப் போடவில்லை. என் மனைவி போட்டாள்.) அனுமதி கிடைக்கவில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2016இல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில், ஒரு மனையில் எத்தனை வீடு கட்டலாம் என்ற விதிகளைத் தளர்த்தினார்கள், கட்டுமானம் நன்றாகவே கூடியது.

வாடகைவாசி:
கூடட்டும், ஆனால் ஒரு மனையில் எட்டு வீடு கட்டலாம் என்றதுமே மனைக்காரர் விலையை ஏற்றுவார். ஆஸ்திரியாவின் வியன்னாவில் மாநகராட்சியே சுமார் 2,20,000 வீடுகளை வைத்து வாடகைக்கு விடுகிறது, அதுவும் வேண்டும். லோன் ஆபீசரிடம் ஒன்று கேட்கணும்: முன்பணத்தைத் தாங்களாகவே புரட்டிய சின்ன வயதுக்காரர்கள் எத்தனை பேரைப் பார்த்தீர்கள்?

முன்னாள் லோன் ஆபீசர்:
நான் வேலை பார்த்த கடைசி வருடங்களில் அபூர்வம். பெரும்பாலும் அப்பாவும் கூடவே வருவார், தன் வீட்டை அடமானம் வைக்க. அப்படி ஒரு வீடு இல்லாதவர்களை, இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு அடுத்த வருடம் வாருங்கள் என்று அனுப்புவோம். அதற்குள் விலை இவர்கள் சேர்த்ததைவிட அதிகமாக ஏறியிருக்கும்.