எம்-சாட் தாளில் பாதிப் பேருக்குச் சரியாக 3 மதிப்பெண்: தப்பு எங்கே?

வட்டாரப் பணியாளர்:
ஒன்றரை வயதுப் பிள்ளைகளுக்கு, ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று முதற்கட்டமாகப் பார்க்கும் 20 கேள்வித் தாளான எம்-சாட்-ஆரைத் தமிழில் தாய்மாரிடம் கொடுத்து நிரப்பி வாங்குகிறோம். பாதித் தாள்களில் மொத்தம் 3, அதாவது 'நடுத்தர ஆபத்து'. பிள்ளையைப் பார்த்தால் மடியில் ஏறி நம் பேனாவைப் பிடுங்கிவிட்டுச் சிரிக்கிறது. பெயர் சொன்னால் திரும்பாத இன்னொரு பிள்ளைக்கோ 1தான். தாளில் கோளாறா, கேட்கும் முறையிலா? 8 மாதக் குழந்தைக்கும் இதையே தரலாமா?

பேச்சுப்பயிற்சி:
அந்த 3 எங்கிருந்து வருகிறது என்று தாளைப் பார்க்காமலே சொல்லலாம்: 2, 5, 12ஆம் கேள்விகள். இருபதில் பதினேழுக்கு 'இல்லை' என்றால் ஒரு மதிப்பெண். காது கேட்கவில்லையோ என்ற சந்தேகம், கண்ணருகே விரலை விநோதமாக ஆட்டுவது, அன்றாடச் சத்தத்துக்குப் பதறுவது ஆகிய மூன்றுக்கு மட்டும் 'ஆம்' என்றால் மதிப்பெண். மேலிருந்து கீழே 'ஆம்' என்று டிக் அடித்துக்கொண்டே போனால் 3தான் வரும். அது நிரப்பாத தாள் மாதிரி. அதை வைத்துப் பிள்ளையை மேல் பரிசோதனைக்கு அனுப்பவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது. நீங்களே வாசித்து, ஒவ்வொன்றுக்கும் "எப்படிம்மா செய்யுது, சொல்லுங்க" என்று கேட்டு நிரப்புங்கள்.

உண்மையாகவே 3 வந்தாலும் உடனே அனுப்ப வேண்டியதில்லை. 3–7க்கு இரண்டாம் கட்டப் பேட்டி இருக்கிறது. தவறிய கேள்விகளை மட்டும் விரித்துக் கேட்டு மறுபடி கூட்டி, 2 அல்லது அதற்கு மேல் நின்றால் அனுப்புங்கள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் பேட்டியே வேண்டாம், நேரே அனுப்பலாம். 0–2 வந்த பிள்ளைக்கு இரண்டு வயது ஆகவில்லையென்றால், இரண்டாம் பிறந்தநாளுக்குப் பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். இதைத்தான் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள்.

பேட்டியில் 12ஆம் கேள்வி எப்படிப் போகிறது பாருங்கள். மிக்சி ஓடும்போது காதைப் பொத்திக்கொண்டு சும்மா நிற்கிற பிள்ளை தேறிவிடும். வீறிட்டு அழுது, சமாதானமே ஆகாத பிள்ளைக்குத்தான் மதிப்பெண். முதல் தாளில் இரண்டுக்கும் 'ஆம்'தான்.

சிறப்பாசிரியர்:
அந்த 1 வாங்கிய பிள்ளைதான் எனக்குக் கவலை. 'காட்டுது' என்ற ஒரு சொல் நிறையப் பிள்ளைகளைத் தப்பவிடுகிறது. அம்மா கையைப் பிடித்து இழுத்துப்போய் பிஸ்கட் டப்பா மேல் வைத்தால், 'வேணும்னு காட்டுது' என்று தாய் 'ஆம்' போட்டுவிடுவார். 6ஆம் கேள்வி கேட்பது ஒற்றை விரல் நீட்டிச் சுட்டுவதை. 7 அதையும் தாண்டியது: ஒன்றும் வேண்டாமலேயே, வெறுமனே 'அதோ காக்கா பார்' என்று காட்டுவது. காட்டிவிட்டு அம்மா பார்க்கிறாளா என்று முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

10ஆம் கேள்விக்கு ஏட்டில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். வீட்டில் 'பாப்பு' என்றால் 'பாப்பு'தான். பிள்ளை விளையாட்டில் இருக்கும்போது, பின்பக்கமிருந்து, தொடாமல், கை தட்டாமல், கையில் போன் கொடுக்காமல் கூப்பிட வேண்டும். 18ல், "செருப்பை எடுத்துட்டு வா" என்று சொல்லும்போதே செருப்பைக் கை காட்டிவிட்டால் சோதனை போச்சு.

தாள் என்ன சொன்னாலும் தாய்க்கோ உங்களுக்கோ மனசு ஒப்பவில்லை என்றால் அனுப்பலாம்.

குழந்தைநலம்:
8 மாதத்துக்கு எம்-சாட் ஆகாது. அது 16 முதல் 30 மாதம் வரைதான், அதுவும் ஆட்டிசத்துக்கு மட்டும். தூக்கம், பால் குடிப்பது, ஓயாத அழுகை இவற்றைப் பார்க்க, பிள்ளையின் உணர்வு, பழகும் விதம் பற்றிப் பெற்றோரிடம் கேட்கும் ஏஎஸ்க்யூ எஸ்இ-2 என்ற தாள் உண்டு. 1 முதல் 72 மாதம் வரை வயதுவாரியாக 9 தாள்கள். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும், எம்-சாட் இலவசம். எஸ்இ-2ல் மதிப்பெண் கூடினால் கவலை. அதன் அண்ணன், பேச்சு, நடை போன்ற பொது வளர்ச்சியைப் பார்க்கும் ஏஎஸ்க்யூ-3ல் குறைந்தால் கவலை. இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் இடங்களில் இது தலைகீழாகிவிடுகிறது. குறைமாதப் பிள்ளைக்குத் திருத்திய வயதை (பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணும் வயது) கணக்கிட்ட பிறகே தாளைத் தேர்ந்தெடுங்கள்.

சின்னக் குழந்தை என்றால் தாயையும் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைப் பார்க்கும் எடின்பரோ தாளில் 10 கேள்வி, கடந்த 7 நாளைப் பற்றி. பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும்.

வட்டாரப் பணியாளர்:
2, 5, 12 எடுத்துப் பார்த்தேன், மூன்றிலும் 'ஆம்'தான்! மறுபடி வாசித்துக் கேட்கிறோம். அனுப்பும்போது வீட்டில் என்ன சொல்வது? "ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும், அவங்கப்பாவும் அப்படித்தான்" என்கிறார் பாட்டி.

சிறப்பாசிரியர்:
'ஆட்டிசம்' என்று சொல்லாதீர்கள், நம் கையில் இருப்பது சல்லடைதான். 2014ல் வெளிவந்த 16,000 பிள்ளைகளுக்கு மேற்பட்ட அமெரிக்க ஆய்வில், பேட்டிக்குப் பிறகும் தேறாதவர்களில் பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆட்டிசம். ஆனால் 95 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு வளர்ச்சிச் சிக்கலோ கவலையோ இருந்தது. பாட்டியிடம் பேச்சைப் பற்றி வாதாட வேண்டாம். "பேசறது இருக்கட்டும்மா, கூப்பிட்டா திரும்பலையே, காதை ஒருமுறை பார்த்துடலாம்" என்றால் வருவார். அதே சீட்டில் மாவட்ட ஆரம்பகாலத் தலையீட்டு மையத்துக்கும் எழுதிவிடுங்கள். காது முடிவு வரட்டும் என்று மற்றதை நிறுத்தி வைக்க வேண்டாம்.