சத்தம் எப்படி வருது என்று கேட்கிற பையனுக்கு வீட்டிலேயே என்ன செய்து காட்டலாம்?

பெரம்பூர் அப்பா:
பையனுக்கு 8 வயது. போகி மேளத்தைத் தட்டித் தட்டிக் கிழித்துவிட்டு, இப்போது சத்தம் எங்கேயிருந்து வருது என்று உயிரை எடுக்கிறான். வீட்டில் இருப்பதை வைத்து ஏதாவது சொல்லுங்கள். மாமியார் மதியம் தூங்குவார், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடித்தோட்டம்:
பூவரச இலை கிடைக்குமா? சுருட்டி, ஒரு முனையை லேசாக நசுக்கி ஊதினால் பீப்பீ. நசுக்கிய விளிம்புகள் படபடவென்று அடித்துக்கொள்வது உதட்டில் கூசும், அந்தக் கூச்சம்தான் அதிர்வு, வேறு விளக்கமே வேண்டாம். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி செய்வதும் இதைத்தான். ஸ்ட்ராவின் முனையைத் தட்டையாக்கி அம்பு மாதிரி வெட்டியும் ஊதலாம். ஊதும்போதே மறுமுனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்தால் உள்ளே காற்றின் நீளம் குறைந்து சுருதி ஏறும். பிளாஸ்டிக் ஸ்ட்ரா 2019 முதல் இங்கே தடை, காகித ஸ்ட்ராதான், நாலு ஊதலில் நமுத்துவிடும்.

பழைய வாத்தியார்:
பலூனுக்குள் ஆறு பட்டை நட்டு ஒன்றைப் போட்டு, ஊதிக் கட்டிச் சுழற்றுங்கள். ஒவ்வொரு பட்டையும் ரப்பரில் இடித்து ங்ங்ங் என்று அலறும், வேகம் கூடினால் கீச்சென்று ஏறும். அப்புறம் கோலிக்குண்டு போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட மௌனம். ஏன் என்று அவனே சொல்லட்டும். நட்டு தொண்டைக்குள் போய்விடும், அதனால் பலூனைப் பம்பில் ஊதுங்கள்.

பெரம்பூர் அப்பா:
பக்கத்துத் தெருவில் பூவரசு இருந்தது. மாமியாரே சுருட்டிக் காட்டினார். இப்போது மதியம் தூங்க முடியாமல் இருப்பது நான்.