பழைய ஸ்டைல் ஸ்கேட்போர்டு, கிருஷ்ணகிரி ரோடு: எந்தச் சக்கரம் வாங்கலாம்?

மாங்கனி_நகர்:
வணக்கம். 80களின் ஸ்டைலில் ஒரு போர்டு கட்டுகிறேன். 10 அங்குல அகலம், தட்டையான மூக்கு, பின்பக்கம் மட்டும் தூக்கியிருக்கும். ட்ரக் (பலகைக்கு அடியில் சக்கரங்களைத் தாங்குகிற அச்சுப் பாகம்) இன்டிபென்டன்ட் கம்பெனியின் 169. சக்கரத்தில்தான் முடிவுக்கு வர முடியவில்லை. 60 மி.மீ. என்பது உறுதி, சின்னச் சக்கரம் போட்டால் இந்தப் பலகைக்கு எடுப்பாக இருக்காது. ஆனால் கடினத்தன்மையில் மிருதுவான 78ஏ வாங்குவதா, கெட்டியான 97ஏ வாங்குவதா? பெரும்பாலும் எங்கள் தெரு, அங்கிருந்து மெயின் ரோடு வரைக்கும்தான் ஓட்டுவேன். தார் தேய்ந்து ஜல்லி வெளியே தெரிகிற ரோடு. எப்போதாவது நண்பருடைய கிரானைட் ஷெட்டில் வழவழப்பான தரையிலும் ஓட்டுவேன்.

ஓசூர்_உருளை:
ஜல்லி ரோடு என்றால் யோசிக்கவே வேண்டாம், 78ஏ. 97ஏ போட்டால் அந்த ரோட்டில் கணுக்கால் வரைக்கும் அதிரும், நாலு தள்ளு தள்ளியதும் வேகம் செத்துவிடும். மிருதுவான யூரித்தேன் (சக்கரம் செய்கிற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்) கல் பட்டால் கொஞ்சம் அமுங்கி மேலே ஏறிப் போகும். கடினமானது அமுங்காது, அதனால் ஒவ்வொரு கல்லும் போர்டையே தூக்கிப் போடும். ஓஜே சூப்பர் ஜூஸ் 60 மி.மீ. 78ஏ பாருங்கள், பழைய போர்டில் வைத்தால் பார்வைக்கும் பொருத்தமாக இருக்கும்.

அதியமான்_ஸ்கேட்:
ஓசூர் அண்ணா சொல்வது ரோட்டுக்குச் சரி, ஆனால் கிரானைட் ஷெட்டை மறந்துவிட்டார். 78ஏ வழவழப்பான தரையில் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கத்தைச் சறுக்கித் திருப்பலாம் என்று பார்த்தால் வராது, சட்டென்று பிடித்து ஆளை முன்னால் தள்ளிவிடும். அந்தக் காலத்து ஸ்டைலுக்கு அழகே அந்தச் சறுக்கல்தான். நான் தர்மபுரியில் ஓட்டுவது பவல் பெரால்டா ரேட் போன்ஸ், 60 மி.மீ. 90ஏ. ரோட்டில் கொஞ்சம் சத்தம் வரும், அதிர்வும் தெரியும், ஆனாலும் தாங்கலாம். வாரத்தில் எத்தனை நாள் ரோடு, எத்தனை நாள் ஷெட் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். 97ஏ மட்டும் வேண்டாம், அது ஸ்கேட்பார்க் கான்கிரீட்டுக்கு ஆனது.

மாங்கனி_நகர்:
ஷெட் மாதத்துக்கு ஒருமுறை இருந்தாலே அதிகம். அப்புறம், 169 ட்ரக்கில் 60 மி.மீ. போட்டால் பலகையில் உரசுமா?

பேரிங்_கடை:
உரசும். ட்ரக்கைத் தளர்த்தி ஓட்டுகிறவர் என்றால் கண்டிப்பாக உரசும். திரும்பும்போது சக்கரம் பலகையில் பட்டால் போர்டு அங்கேயே நின்றுவிடும், ஆள் மட்டும் பறப்பார். ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவில் கால் அங்குல ரைசர் (உயரம் கூட்டுகிற தட்டு) வையுங்கள், போல்ட்டும் ஒன்றேகால் அங்குலமாக மாற்றுங்கள், ஒரு அங்குல போல்ட்டில் நட்டு முழுசாகப் பிடிக்காது. மாட்டியதும் போர்டை ஓட்டாமல் ஒரு பக்கமாக ஏறி அழுத்திப் பாருங்கள், சக்கரத்துக்கும் பலகைக்கும் நடுவில் இடைவெளி தெரிய வேண்டும்.

சக்கரத்துக்கு என் ஓட்டும் 78ஏதான். யூரித்தேன் வருவதற்கு முன்னால் களிமண் கலவைச் சக்கரத்தில் ஓட்டினார்கள், பொடிக்கல் பட்டாலே நின்றுவிடும். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி யூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் சாதாரண ரோட்டில் நிம்மதியாக ஓட்ட முடிந்தது. நம் ரோட்டுக்கு அந்த மெதுமெதுப்பு வேண்டும்.

பேரிங்குக்கு ஆன்லைனில் தேடி அலைய வேண்டாம். ஸ்கேட்போர்டு பேரிங்கின் அளவு எண் 608, உள்துளை 8 மி.மீ., வெளிவட்டம் 22 மி.மீ. சின்ன மோட்டாரில் போடுகிற அதே அளவுதான், ஓசூரில் எந்தப் பேரிங் கடையிலும் கேட்கலாம். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி இருக்கிற 2ஆர்எஸ் வாங்குங்கள். தகட்டு மூடி போட்ட இசட்இசட் கொஞ்சம் லேசாகச் சுற்றும், ஆனால் கிரானைட் தூள் உள்ளே போய்விடும்.