செயில்டிரைவ் ஒயில் பால்தேத்தண்ணீர் நிறமாகிவிட்டது: நீர் எந்த வழியாக வருகிறது?

வினா (ஊர்காவற்றுறை):
சித்தப்பா என் பொறுப்பில் விட்டுச்சென்ற 33 அடிப் பாய்மரப் படகின் செயில்டிரைவில், அதாவது இயந்திரத்திலிருந்து படகின் அடியை ஊடுருவிக் கடலுக்குள் இறங்கும் அலுமினியக் காலில், அளவுகோலை இழுத்துப் பார்த்தபோது ஒயில் பால்விட்ட தேத்தண்ணீரைப் போல வெளுத்திருந்தது. அதனருகே படகின் உட்பக்கமும் ஈரமாக இருப்பதால், அடித்துளையை அடைத்திருக்கும் றப்பர்த் திரை கிழிந்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன். வாடைக்காற்று தொடங்குமுன் ஒயிலை மட்டும் உறிஞ்சி மாற்றிவிட்டு ஓடலாமா?

பதில் (மயிலிட்டி, வள்ள இயந்திரம் திருத்துபவர்):
தம்பி, நீங்கள் இரண்டு பழுதுகளை ஒன்றாக எண்ணுகிறீர்கள். றப்பர்த் திரை கசிந்தால் கடல்நீர் படகுக்குள் வரும். பல்சக்கர ஒயிலுக்குள் போகாது. ஒயில் வெளுத்திருந்தால் முதலில் புரொபெல்லர் தண்டைச் சுற்றி நீரைத் தடுக்கும் றப்பர் வளையங்களான சீல்களையும், அடுத்து ஒயில் வடிக்கும் திருகாணியின் வளையத்தையும் ஐயுற வேண்டும். நம் கடலில் சீலுக்குப் பெரும் பகை தங்கூசி, அதாவது மீன்பிடி நைலோன் நூல்தான். அது தண்டில் சுற்றி இறுகிச் சீலின் விளிம்பை அறுத்துவிடும். உள்ளே உள்ள ஈரத்தைத் துடைத்துவிட்டு, இயந்திரத்தைக் குளிர்விக்கும் கடல்நீர் வரும் வால்வையும் குழாய்க் கவ்விகளையும் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள்.

ஒயிலை மேலிருந்து உறிஞ்சி மாற்றலாம். ஆனால் சீல் பழுதாகவே இருக்கும்வரை புது ஒயிலும் வெளுக்கும், உப்புநீர் கலந்த ஒயிலில் பெயரிங்குகள் துருப்பிடித்தால் செலவு பல மடங்காகும். இங்கே கடல் பெருகி வற்றுவது ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், வற்றில் தரைதட்ட விட்டு வேலை செய்ய வழியில்லை. கரையேற்றத்தான் வேண்டும்.

வினவியவர்:
கரையேற்றிவிட்டேன், அண்ணா. கீழ்த் திருகாணியைத் தளர்த்தியதும் முதலில் அரைக் குவளையளவு உப்புநீரும் பின்னர் வெளுத்த ஒயிலும் வந்தன. புரொபெல்லரைக் கழற்றியபோது தங்கூசி கட்டியாகச் சுற்றியிருந்தது. தண்டில் சீல் உராயும் இடத்தில் நகம் தட்டுமளவு பள்ளம் விழுந்திருக்கிறது. அலுமினியக் கால் அரிபடாதிருக்கத் தான் கரையும் துத்தநாக வளையத்தில் பாதிகூட மிஞ்சவில்லை. உள் ஈரத்துக்குக் காரணம் தளர்ந்த குழாய்க் கவ்விதான்.

பதில் (வல்வெட்டித்துறை):
பழைய சீல்களைக் கழற்றுமுன், அவற்றின் விளிம்பு எப்பக்கம் நோக்கியிருக்கிறது என்பதைப் படமெடுத்து வையுங்கள். தலைகீழாகப் பொருத்தி மறுபடியும் கரையேற்றியவர்களை அறிவேன். பள்ளம் விழுந்த அதே இடத்தில் புதுச் சீலின் விளிம்பு அமர்ந்தால் அது நெடுநாள் நிற்காது. கையேடு இடங்கொடுத்தால் சற்றுத் தள்ளிப் பொருத்துங்கள், இல்லையேல் தண்டைப் பட்டறையில் காட்டுங்கள். பொருத்திய பின், ஒயில் ஊற்றுமுன், கைப்பம்பினால் மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றடைத்துச் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். முதலில் ஊற்றும் ஒயில் கழுவுவதற்கே என்று எண்ணி, சிறிது நேரம் ஓடவிட்டு வடித்து, நிறம் தெளியும்வரை அதைத் திரும்பச் செய்யுங்கள்.

துத்தநாகம் பாதி கரைந்ததுமே மாற்றப்பட வேண்டியது. அதன்மேல் வர்ணம் பூசக்கூடாது. கொட்டலசு போன்ற கடலுயிர்கள் ஒட்டாதிருக்கப் படகின் அடியில் பூசும் செம்பு கலந்த வர்ணத்தைக் காலிலும் பூசியிருந்தால் முழுவதும் நீக்குங்கள். உப்புநீரில் செம்பும் அலுமினியமும் அடுத்தடுத்து இருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். றப்பர்த் திரையின் வயது தெரியுமா? படகு இயந்திரம் செய்யும் வொல்வோ பென்ரா நிறுவனம் தன் திரையை 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. இயந்திரத்தை நகர்த்தினால்தான் அதைக் கழற்ற முடியும் என்பதால் பலர் தள்ளிப்போடுகிறார்கள், ஆனால் படகை ஒரேயடியாக அமிழ்த்தக்கூடியது அந்தத் திரைதான்.

வினவியவர்:
சித்தப்பாவிடம் கேட்டேன், திரை 11 ஆண்டுகளுக்கு முன் போட்டதாம். அதையும் மாற்றியே கடலில் இறக்கினோம். மூன்றாவது முறை ஊற்றிய ஒயில், ஆறு மணிநேரம் ஓடிய பின்னும் தெளிவாக இருக்கிறது.