குடும்ப ஆலோசனை மையம்: செயற்குழு மட்டும்

செவ்வாய்

வங்கி சார் (பொருளாளர்), காலை 6:48
எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மாதக் கணக்கைச் சனிக்கிழமை கூட்டத்தில் வைக்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். பஜாரில் இருக்கும் ஜவுளிக்கடைக்காரர் நேற்று ராத்திரி கூப்பிட்டார். நம் மையத்துக்கு ஒரு லட்சம் தருகிறாராம். செக்காகவே.

அண்ணாச்சி, காலை 6:50
ரொம்ப சந்தோஷம் சார். ரெண்டு மாசச் சம்பளக் கவலை விட்டது.

டீச்சர் (தலைவர்), காலை 6:57
என்ன நிபந்தனை சார்? விடிந்தும் விடியாமல் நீங்கள் எழுதுகிறீர்கள் என்றால் ராத்திரி தூங்கவில்லை என்று அர்த்தம்.

வங்கி சார், காலை 7:01
சரியாகப் பிடித்துவிட்டீர்கள் டீச்சர். ஆடித் தள்ளுபடிக்கு ஃபிளெக்ஸ் வைக்கிறார். நம் மையத்தால் 'ஒன்று சேர்ந்த' ஐந்து தம்பதிகளைக் கடைக்கு அழைத்து, ஆளுக்கு ஒரு சேலை, வேட்டி கொடுத்து, அவரோடு நிற்க வைத்துப் படம் எடுக்க வேண்டுமாம். பந்தல் செலவு அவருடையது. நான் பதில் சொல்லவில்லை, குழுவில் கேட்கிறேன் என்றேன்.

பிரஸ் தம்பி, காலை 7:04
சார், முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதுமே? ஃபிளெக்ஸ் நம்ம பிரஸ்ஸில்தான் அடிப்பார். நானே பார்த்துச் செய்கிறேன்.

வக்கீல் அக்கா (செயலாளர்), காலை 7:15
தம்பி, முகத்தை மறைப்பாய். சேலையை எப்படி மறைப்பாய்? நம் ஊரில் ஆளைத் தெரிந்துகொள்ள முகமா வேண்டும்? நிற்கிற நிலை, கையில் இருக்கிற பிள்ளை, காலில் கிடக்கிற செருப்பு போதும். ஃபிளெக்ஸ் கட்டிய அன்றைக்குச் சாயந்தரமே பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஐந்து பெயரும் வந்துவிடும்.

பிரஸ் தம்பி, காலை 7:16
அதுவும் சரிதான் அக்கா.

டாக்டரம்மா, காலை 7:40
எனக்கு அந்தப் படத்தைவிட 'ஒன்று சேர்ந்த' என்கிற வார்த்தைதான் உறுத்துகிறது. சேர்த்து வைப்பது மட்டும்தான் நம் வேலை என்று அவர் நினைக்கிறார். அவர் மேல் தப்பில்லை. நம் மாத அறிக்கையிலேயே 'சமரசம்: எத்தனை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. போன வருஷம் நாம்தான் போட்டோம். அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் இருந்தவள் சொல்கிறேன், சேர்த்து அனுப்பி, மறு மாசம் தையல் போட வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

வக்கீல் அக்கா, காலை 7:52
அந்தக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் வந்தது. அதற்கான 2006 விதிகளில், கோர்ட் மூலம் நடக்கும் ஆலோசனையில் எதிர் தரப்பு 'இதனால்தான் அடித்தேன்' என்று நியாயம் பேச அனுமதிக்கக் கூடாது என்றே எழுதியிருக்கிறது. இனிமேல் செய்ய மாட்டேன் என்று உறுதி எழுதித் தர வேண்டும். நாம் எண்ணிக்கைக்காக 'விட்டுக்கொடுத்துப் போங்கள்' என்று சொல்ல ஆரம்பித்தால், பாவம், ஆலோசகர்கள் என்ன செய்வார்கள்? குழு எதை எண்ணுகிறதோ அதைத்தானே அவர்கள் செய்வார்கள்.

டீச்சர், காலை 8:05
1983இல் மத்திய சமூக நல வாரியம் குடும்ப ஆலோசனை மையத் திட்டத்தைக் கொண்டு வந்தபோது, ஒரு மையத்துக்கு இரண்டு ஆலோசகர்கள் என்று வைத்தார்கள். எங்களுக்கு அப்போது அது ஆடம்பரமாகத் தெரிந்தது. பஞ்சாயத்துப் பேச ஊர்ப் பெரியவர் ஒருவர் போதாதா என்று நானே கேட்டிருக்கிறேன். பஞ்சாயத்து வேறு, இது வேறு என்று புரியவே எனக்குப் பல வருஷம் ஆனது.

அண்ணாச்சி, காலை 8:11
அதுவும் உண்மைதான் டீச்சர். நேற்று கேன் இறக்கப் போனபோது பார்க்கிறேன், நம்ம தெருவுக்குப் பின்னால்

அண்ணாச்சி, காலை 8:12
இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

வக்கீல் அக்கா, காலை 8:13
நன்றி அண்ணாச்சி, உடனே அழித்துவிட்டீர்கள். பார்த்தவர்கள் மறந்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அதையும் அழியுங்கள்.

அண்ணாச்சி, காலை 8:20
மன்னிக்கணும். அந்தப் பிள்ளைக்கு என்ன கஷ்டமோ என்று மனசு கேட்கவில்லை. தெரிந்தால் அவங்கப்பாவிடம் பேசி ஏதாவது செய்யலாமே என்றுதான். வேறு நினைப்பில்லை.

டாக்டரம்மா, காலை 8:24
உங்கள் மனசு எங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி? ஆனால் அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்றுதானே நம்மிடம் வருகிறார்கள்.

டீச்சர், காலை 8:30
ஒருங்கிணைப்பாளர் இந்தக் குழுவில் இருக்கிறாரா? இருந்தால் நீங்களே சொல்லுங்கள் அம்மா. நாங்கள் மேலே இருந்து பேசிக்கொண்டே இருக்கிறோம்.

ஒருங்கிணைப்பாளர், காலை 9:46
இருக்கிறேன் டீச்சர். காலையில் இரண்டு பேர் வந்திருந்தார்கள், இப்போதுதான் முடிந்தது. யாரையும் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாசலைத் திறந்ததும் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. நூல் கட்டிய பேனா. தேதி, பெயர், ஊர், போன், வந்த காரணம். ஐந்து கட்டம். போன வாரம் ஒருவர் வந்தார். பேனாவை எடுத்தார். எழுதவில்லை. அவருக்கு மேலே பதினோரு பெயர் இருந்தது, ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு பெயரில் விரல் நின்றது. பேனாவை மூடி வைத்துவிட்டு, 'நாளைக்கு வருகிறேன்' என்று போனவர்தான். இன்றுவரை வரவில்லை.

வங்கி சார், காலை 9:50
அந்த நோட்டு நான் வைக்கச் சொன்னது. ஆடிட்டர் கேட்பார் என்று.

ஒருங்கிணைப்பாளர், காலை 9:51
ஆடிட்டர் இதுவரை கேட்டதில்லை சார். வவுச்சரும் ரசீதும்தான் பார்ப்பார்.

வங்கி சார், காலை 9:53
ஆமாம். பேங்கில் முப்பத்தைந்து வருஷம். வருகிறவர் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு நிம்மதி. பழக்கதோஷம். இன்றைக்கே எடுத்துவிடுங்கள் அம்மா. பழைய பக்கங்கள் எங்கே இருக்கின்றன?

ஒருங்கிணைப்பாளர், காலை 9:55
பீரோவில் சார். சாவி பீரோ மேலேயே இருக்கிறது.

வக்கீல் அக்கா, காலை 9:56
அய்யோ.

ஒருங்கிணைப்பாளர், காலை 10:02
இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆலோசனை அறைக்கும் வெளிப் பெஞ்சுக்கும் நடுவில் இருப்பது பிளைவுட் தடுப்பு. மேலே உத்தரம் வரை போகவில்லை, ஒரு முழம் இடைவெளி. உள்ளே அழுதால் வெளியே கேட்கும். அதனால் டேபிள் ஃபேனை எப்போதும் மூன்றில் வைக்கிறேன். காற்றுக்கு இல்லை, சத்தத்துக்கு. மார்கழியிலும் ஃபேன் ஓடுகிறதே, கரண்டு பில் ஏன் இவ்வளவு என்று சார் கேட்டிருக்கிறார்.

வங்கி சார், காலை 10:04
கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன்.

பிரஸ் தம்பி, காலை 10:20
எனக்கு ஒரு சந்தேகம். நான் குழுவுக்கு வந்து நாலு மாசம்தான் ஆகிறது, தப்பாகக் கேட்டால் திருத்துங்கள். யார் வருகிறார்கள் என்றே தெரியாமல், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல், நாளைக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு மட்டும் நம் தலையில் என்றால் எப்படி?

டாக்டரம்மா, காலை 10:41
நல்ல கேள்வி தம்பி. நான் சேர்ந்தபோது கேட்டிருக்க வேண்டியது. யார் வந்தார் என்று கேட்காதே. ஆனால் இதையெல்லாம் கேள்: போன் செய்தவருக்கு எத்தனை நாள் கழித்து நேரம் கிடைத்தது? முதல் தடவை வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது தடவை வந்தார்கள்? வராதவர்கள் ஏன் வரவில்லை? எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கோ இலவச சட்ட உதவிக்கோ அனுப்பினோம்? இதற்கெல்லாம் பெயர் வேண்டாம். பிறகு இன்னொன்று, நாள் முழுக்க அடுத்தவர் துக்கத்தைக் கேட்கிற ஆலோசகர் யாரிடம் பேசுகிறார்? மாசம் ஒருமுறை அனுபவமுள்ள ஒருவர் வந்து அவர்களோடு உட்கார வேண்டும். அதற்கு வழி பண்ணுவது நம் வேலை. மூன்று வருஷத்தில் நாம் ஒரு தடவைகூட அதைப் பேசவில்லை.

வக்கீல் அக்கா, காலை 10:58
சில விஷயம் ரகசியமாகவே இருக்க முடியாது, அதுவும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் 2012ஆம் வருஷப் போக்ஸோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் இருந்தால் அதுவே தண்டனைக்குரியது. அதை வருகிறவரிடம் முதல் நாளே, பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ஆலோசகர் பெண்கள் உதவி எண் 181க்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ அடிக்க நம் அனுமதிக்குக் காத்திருக்கக் கூடாது. இதை எழுத்தில் வைப்பதுதான் நம் பொறுப்பு. இது போதுமா தம்பி?

பிரஸ் தம்பி, காலை 11:00
போதும் அக்கா. ஆனால் இரண்டாவது தடவை வராதது ஏன் என்று எனக்கே ஒரு ஊகம் இருக்கிறது. மையம் ஐந்து மணிக்குப் பூட்டுகிறோம். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் எப்படி வருவார்கள்?

ஒருங்கிணைப்பாளர், காலை 11:03
ஒரு நாள் அரைக்கூலி போகிறது என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

டீச்சர், காலை 11:10
வாரத்தில் இரண்டு நாள் காலையில் மூடி, சாயந்தரம் எட்டு வரை திறக்கலாமா? ஆலோசகர்களைக் கேட்டுவிட்டுச் சனிக்கிழமை முடிவு செய்வோம். இருட்டிய பிறகு அவர்கள் வீட்டுக்குப் போக ஆட்டோ செலவு குழுவுடையது. பொருளாளர் முறைக்க வேண்டாம்.

வங்கி சார், காலை 11:12
முறைக்கவில்லை டீச்சர். கண்ணாடி துடைக்கிறேன்.

அண்ணாச்சி, பகல் 1:30
ஒன்று கேட்கிறேன். நான் போனதால்தான் அந்தப் பிள்ளை

அண்ணாச்சி, பகல் 1:31
பெயரெல்லாம் வேண்டாம். பொதுவாகக் கேட்கிறேன். குழு உறுப்பினர் யாராவது வந்து நிற்பதைப் பார்த்து யாரும் திரும்பிப் போயிருக்கிறார்களா?

ஒருங்கிணைப்பாளர், பகல் 1:44
பொதுவாகச் சொன்னால், ஆமாம் அண்ணாச்சி. நீங்கள் மட்டும் இல்லை. டீச்சரிடம் படிக்காத பெண்கள் இந்த ஊரில் குறைவு. அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் இரண்டு பேராவது எழுந்து நிற்கிறார்கள். ஒருமுறை ஒருவர் 'சும்மா வழி கேட்க வந்தேன் டீச்சர்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டீச்சர், பகல் 1:52
நினைவிருக்கிறது. நானும் நம்பி, கோயிலுக்குப் போகிற வழியைச் சொல்லி அனுப்பினேன்.

டீச்சர், பகல் 2:15
சரி. சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் இப்போதே ஒன்று. மையம் திறந்திருக்கும் நேரத்தில் நான் உள்பட யாரும் உள்ளே போக வேண்டாம். மாதம் இரண்டாவது சனிக்கிழமை, ஆலோசனை இல்லாத மத்தியானத்தில் மட்டும். நம் சொந்தக்காரர்கள், நமக்கு வேண்டியவர்கள் உதவி கேட்டால் மைய நம்பரைக் கொடுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். பிறகு என்ன ஆச்சு என்று ஒருங்கிணைப்பாளரைக் கேட்கக் கூடாது. கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. எதிர்ப்பு யாருக்காவது?

டாக்டரம்மா, பகல் 2:16
சம்மதம்.

பிரஸ் தம்பி, பகல் 2:16
சம்மதம்.

வங்கி சார், பகல் 2:20
சம்மதம். பீரோ சாவியை இன்று சாயந்தரம், மையம் பூட்டிய பிறகு வந்து... இல்லை, அம்மா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் அக்கா, பகல் 2:31
தீர்மானமாக எழுதிவிடுகிறேன். என்னைப் பற்றியும் ஒன்று சேர்க்கிறேன்: நான் கோர்ட்டில் ஆஜராகும் குடும்பம் மையத்துக்கு வந்தால், அந்த விஷயம் குழுவில் எந்த வகையில் வந்தாலும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அப்புறம், இந்தச் செயற்குழுவின் மூன்று வருஷம் முடியப்போகிறது. 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி அதற்கு மேல் நீட்ட முடியாது. பொதுக்குழு கூட்டித் தேர்தல் வைக்க வேண்டும். திரும்ப நிற்க விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கள், 'பார்க்கலாம்' என்று சொல்லாதீர்கள்.

டாக்டரம்மா, பகல் 2:33
பார்க்கலாம்.

புதன்

வங்கி சார், மாலை 5:40
டீச்சரும் நானும் ஜவுளிக்கடைக்குப் போய் வந்தோம். படம் முடியாது என்று டீச்சர் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. 'அப்ப ஃபிளெக்ஸில் நான் என்னத்தைப் போட?' என்றார். டீச்சர் பிளைவுட் தடுப்பையும் டேபிள் ஃபேனையும் சொன்னார். அவர் கல்லாவிலிருந்து எழுந்து, கடையின் டிரையல் ரூம் கதவைத் திறந்து மூடிக் காட்டினார். 'சேலை மாற்றிப் பார்க்கிறதுக்கே நான் தாழ்ப்பாள் போட்டு வைத்திருக்கிறேன் டீச்சர். அங்கே சுவரே இல்லையா?' என்றார்.

பிரஸ் தம்பி, மாலை 5:42
சூப்பர். ஒரு லட்சம்?

வங்கி சார், மாலை 5:45
அது இல்லை. சுவருக்கு ஆகிற செலவை மட்டும் தருகிறார். அவருக்குத் தெரிந்த ஆசாரியை வைத்தே. பணத்தை நம் கணக்குக்குச் செக்காகத் தரும்படி கேட்டிருக்கிறேன். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடைக்காது என்றதும் உடனே ஒத்துக்கொண்டார். மீதிச் சம்பளப் பணத்துக்கு நாம்தான் அலைய வேண்டும்.

டீச்சர், மாலை 5:50
சுவரில் கடைப் பெயரைக் கிரானைட்டில் பதிக்க வேண்டும் என்றார். ஆண்டறிக்கையில் போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். அழுதுகொண்டு உட்காருகிறவர் எதிரில் ஆடித் தள்ளுபடி எதற்கு?

ஒருங்கிணைப்பாளர், மாலை 6:05
ஆசாரியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள் டீச்சர். சுவர் உத்தரத்தைத் தொட வேண்டும், அது மட்டும் முக்கியம். அப்படியே பெஞ்சையும் தெருவைப் பார்க்காமல் திருப்பிப் போட்டுவிடுகிறேன். நோட்டை எடுத்துவிட்டேன். இன்று வந்தவர்களுக்கு எண் எழுதிய சீட்டுதான்.

அண்ணாச்சி, மாலை 6:30
எல்லாம் சரி. தண்ணீர் கேனுக்கு என்ன செய்ய? நான் இனிமேல் வர மாட்டேன். காலையில் கடைப் பையன் கொண்டுவந்து உள்ளே மாட்டிவிடுவான்.

ஒருங்கிணைப்பாளர், மாலை 6:34
பையனும் அதே தெருதான் அண்ணாச்சி.

அண்ணாச்சி, மாலை 6:41
ஆமாம் இல்லையா. சரி, எட்டு மணிக்கு முன்னால் வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவான். தூக்கி மாட்ட உங்களுக்குப் பலம் இருக்கா?

ஒருங்கிணைப்பாளர், மாலை 6:42
இருக்கிறது அண்ணாச்சி. காலி கேனையும் வெளியே வைத்துவிடுகிறேன்.