கர்ப்பகால சுகர்: இன்சுலினோடு சிறுகுறிஞ்சான் எடுக்கலாமா?

வணக்கம். முதல் பிரசவம், இப்போது 29-வது வாரம். ஊர் திருநெல்வேலி. 25-வது வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து எடுத்த டெஸ்டில், 2 மணி நேரம் கழித்து 168 வந்தது. 140-க்குள் இருக்கணும். சாப்பிட்ட பிறகு பார்ப்பது இப்போது 120-க்குள் அடங்கிவிட்டது. காலையில் வெறும் வயிற்றில் எடுப்பதுதான் தகராறு. 95-க்குக் கீழே வர வேண்டியது 104, 110 என்றே நிற்கிறது.

ராத்திரி இட்லி, தோசையைக் குறைத்தாச்சு. ஏழரைக்குள் சாப்பிட்டு மொட்டை மாடியில் நடக்கிறேன், படுக்கும் முன் கொஞ்சம் சுண்டல். மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரை போட்டும் அசையவில்லை. டாக்டர் ராத்திரிக்கு இன்சுலின் எழுதிவிட்டார்.

இதற்கிடையில் அத்தை நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் பொடி வாங்கி வந்திருக்கிறார். அவங்களுக்கு அதில் கட்டுப்படுதாம். இலையை மென்றுவிட்டுச் சீனி போட்டால் மணல் மாதிரி இருக்கும், அது நிஜம்தான். ஆனால் நாக்குக்கு இனிப்பு தெரியாமல் போவது வேறு, ரத்தத்தில் சர்க்கரை இறங்குவது வேறு இல்லையா? தேடினால் எலிக்குக் கொடுத்த ஆய்வுகளாகத்தான் கண்ணில் படுகிறது. இன்சுலினோடு சேர்ந்து நடுராத்திரியில் லோ சுகர் ஆகிவிடுமோ என்றும் பயம். பொடி இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

இங்கே இருக்கும் மகப்பேறு மருத்துவர்கள், சித்த மருத்துவர்கள் சொல்லுங்கள்: இன்சுலின் போடும் கர்ப்பிணி சிறுகுறிஞ்சான் எடுக்கலாமா, கூடாதா?